பதினோராம் இலக்கக் குவளை

வீரர் மாற்றத்துக்கான கெடு முடிய இன்னும் பதினொரு மணி நேரமும் இருபது நிமிடங்களும் இருந்தபோது ஜெனனியின் கைபேசி அடித்தது.

"ஜெனனியக்கா, உங்கடை சாமான் பழுதாப் போச்சு," என்றாள் றெபேக்கா. "வந்து பாருங்கோ. இனி ஒருத்தரும் வாங்கமாட்டினம்."

சாமான் என்று அவள் சொன்னது யசிந்தனை. அவன் பலேர்மோத் தமிழர் கூடைப்பந்து அணியின் முதல் ஆட்டக்காரன். றெபேக்கா அவனுக்கு நிச்சயித்த பெண்.

ஜெனனி கீழே இறங்கினாள். ஸ்கூட்டர் இருக்கையில் யாரோ மீன் கழுவிய தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. துடைத்துவிட்டு ஏறினாள். வேறு என்ன செய்வது? அணியின் மேலாளர் அவள். சனத்துக்குப் பிடித்த வீரர்களை ஒவ்வொருவராக வேறு ஊருக்கு அனுப்பியவளும் அவள்தான்.

காலை 6.58. பல்லறோச் சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடி அறை. ஆறடி மூன்றங்குல உடம்பைச் சுருட்டிக்கொண்டு யசிந்தன் கட்டிலில் கிடந்தான். நாலு மணிக்கு வயிறு பிடித்தது. அதிலிருந்து கழிப்பறையும் கட்டிலும்தான். எழுந்து நின்று பார்த்தான். கால் நடுங்கியது. திரும்பவும் விழுந்தான்.

பத்து மணிக்கு அவன் ஓடிக் காட்டவேண்டும். அவனைச் சோதித்து ஏற்றுக்கொள்ள நாப்போலி அணியிலிருந்து கஜானன் இரவுக் கப்பலில் வந்திருந்தான்.

"சந்தோசமோ?" என்றாள் றெபேக்கா. "இப்ப விக்கேலாது."

"நேற்று இரவு என்ன சாப்பிட்டவர்?"

"நான் அவிச்ச இடியப்பமும் மீன் சொதியும். ஒன்பதரைக்கு. அதே தட்டிலைதான் நானும் திண்டனான். நான் நிக்கிறன்தானே, பாருங்கோ."

கதவு தட்டப்பட்டது. நிரோசினி வந்தாள். அணி வீரர்களின் கைகால் பிடிப்புகளுக்கு வைத்தியம் பார்ப்பவள். முப்பத்தைந்து வயது, தனியாள். பகலில் ஒரு வயதான இத்தாலியப் பெண்ணைப் பராமரிக்கும் வேலை. றெபேக்கா அவளுக்கும் அழைப்பு எடுத்திருந்தாள்.

நிரோசினி ஒரு எவர்சில்வர் சட்டியை முழங்கால்களுக்கிடையில் இறுக்கி, வலது கையால் மூடியைத் திருகினாள். இடது மணிக்கட்டு அவளுக்கு முழுதாகத் திரும்பாது. சைக்கிளால் விழுந்தது என்று சொல்லுவாள். சட்டிக்குள் தயிர் கட்டியாக உறைந்திருந்தது. மேலே ஆடை கிழியாமல் இருந்தது. கரண்டியால் வெட்டி எடுத்து, தண்ணீரும் உப்பும் விட்டு அடித்து, மோராக்கி யசிந்தனுக்குப் பருக்கினாள்.

"மெதுவாக் குடியும். மத்தியானத்துக்கிடையிலை நிண்டிடும்."

றெபேக்கா எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். ஜெனனிக்கு மட்டும் ஊற்றவில்லை. நிரோசினி தன் குவளையைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு வெறுந்தேத்தண்ணி தாரும். பால் ஒத்துவராது. வீட்டிலை பால் வாங்கிறதே இல்லை."

7.25க்குக் கஜானன் வந்தான். நாப்போலியில் ஒரு மருத்துவமனையில் தாதி வேலை. யசிந்தனின் நெற்றியைத் தொட்டான், வயிற்றை அமுக்கினான், நாக்கைப் பார்த்தான்.

"சத்தி எடுத்தனீரோ?"

"இல்லை."

"காய்ச்சல் குணம்?"

"இல்லை."

கஜானன் எழுந்தான். "இது மீன் பழுதில்லை. பழுதெண்டால் சத்தி வந்திருக்கும். ஆரோ பேதி மருந்து குடுத்திருக்கினம். இலைத்தூளா இருக்கும். வயிறு பிடிக்கிறதுக்கு ஏழெட்டு மணித்தியாலத்துக்கு முந்தி உள்ளுக்குப் போயிருக்கு." அவன் ஜெனனியைப் பார்த்துச் சிரித்தான். "உங்கடை ஊர் ஆக்கள் உங்களிலை நல்ல பாசம் போலை."

"நாளைக்குச் சோதிக்கலாமோ?"

"இண்டைக்கு ஆறு மணி கடைசி. ஓடேலாத ஆளை நாங்கள் எடுக்கமாட்டம்."

ஜெனனி படிக்கட்டில் இறங்கி நின்றுகொண்டு றோமுக்கு அழைத்தாள். தொடரின் செயலாளர் இராஜதுரை எடுத்தார்.

"ஆரோ வேணுமெண்டு செய்தது எண்டால் விதியிலை இடமிருக்கு, பிள்ளை. ஆறு மணிக்குள்ளை பேரைத் தாரும். பேர் வந்தால் ரெண்டு நாள் தவணை. பேர் இல்லையெண்டால் தவணையும் இல்லை. அந்தப் பேரை நான் குவெஸ்தூராப் பொலிசுக்கும் குடுப்பன். அங்கை தங்கிற பெர்மெஸ்ஸோக் கடதாசியையும் சேர்த்துத்தான் பாப்பினம். விளங்குதோ?"

"விளங்குது."

இரண்டு நாள் தவணைக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்கு ஜெனனியின் வழியைச் சொல்லவேண்டும்.

இத்தாலியின் எட்டு நகரத் தமிழர் அணிகள் ஆடும் தொடர் அது. ஓர் அணி ஒரு பருவத்துக்கு முப்பதாயிரம் யூரோவுக்கு மேல் சம்பளம் வைத்திருக்கக்கூடாது. வடக்கே உள்ள அணிகளுக்குப் பலசரக்கு இறக்குமதியாளர்கள் துணை. பலேர்மோவுக்கு வீட்டு வேலைக்காரரும் உணவக வேலைக்காரரும் தரும் சந்தா. நல்ல ஆட்டக்காரனைக் காசு காட்டி அழைக்க வழியில்லை. ஆனால் பணக்கார அணிகள் அடிக்கடி உச்சவரம்பில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது காயப்பட்ட ஒருவனைப் பலேர்மோ தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளும். காசை அவர்களே அனுப்புவார்கள். அவன் பலேர்மோவுக்கு வந்து தங்குவான், ஆடமாட்டான். அதற்குக் கூலியாக ஜெனனி ஓர் இளம் வீரனைக் கேட்டு வாங்குவாள்.

"காலி இடத்தைத் தவிர எங்களிட்டை விக்க என்ன கிடக்கு?" என்பது அவள் பேச்சு.

இம்முறை பலேர்மோவின் வரம்பும் நிரம்பிவிட்டது. ஐந்து ஆட்டம் மீதி. அணி கடைசி இடத்தில். கடைசி இடத்தில் முடிக்கிற அணிக்கு அடுத்த ஆண்டு தொடரில் இடமில்லை. பொலோஞ்ஞாவில் பிரசாந் என்றொரு மூத்த வீரன், முழங்கால் நார் அறுந்து ஏழாயிரம் யூரோச் சம்பளத்தோடு உட்கார்ந்திருந்தான். அவனை ஏற்றுக்கொண்டால் மிதுசன் கிடைப்பான். பத்தொன்பது வயது, ஆறடி ஏழங்குலம், சம்பளம் சொற்பம். அந்த ஏழாயிரத்துக்கு இடம் வர, யசிந்தன் நாப்போலி போகவேண்டும்.

யசிந்தன் போவது ஊருக்கே தெரியும். பொலோஞ்ஞா விசயம் ஜெனனிக்கும் பயிற்சியாளர் இராயப்புவுக்கும் மட்டும். நாப்போலிக்குக் கேட்டால் பேரம் பேசும். மூன்று நாளுக்கு முன் பிரசாந்தின் முழங்கால் படத்தை நிரோசினியிடமும் காட்டியிருந்தாள். படத்தின் மூலையில் பெயர் இருந்தது.

நிரோசினி அதை வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்திருந்தாள். "இந்த ஆளைக் கொண்டுவராதையுங்கோ," என்றாள்.

"அக்கா, எனக்கு ஆள் வேண்டாம். ஏழாயிரம் எண்ட இலக்கம்தான் வேணும்."

நிரோசினி படத்தைத் திருப்பித் தந்தாள்.

காலை 8.40. துறைமுகத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த உடற்பயிற்சிக்கூடம். நாலு மணியிலிருந்து எட்டு மணித்தியாலத்தைக் கழித்தால் முந்தின இரவு எட்டு. அந்த நேரம் யசிந்தன் இங்கேதான் பயிற்சியில் இருந்தான். குளிர்காலத்தில் பயிற்சி முடிய எல்லாருக்கும் ஒரே கேத்தலிலிருந்து மல்லித்தண்ணி ஊற்றப்படும். ஆளுக்கு ஒரு குவளை, குவளையில் அவரவர் இலக்கம். கேத்தலை நிரப்புவது நிரோசினி. குவளைகளை எடுத்துக் கொடுப்பது இராயப்பு. கழுவுவது மறுநாள்.

ஜெனனி தட்டைப் பார்த்தாள். குவளைகளின் அடியில் மல்லித்தூள் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒன்றைத் தவிர. பதினோராம் இலக்கக் குவளை பளிச்சென்று இருந்தது.

அது யசிந்தனின் இலக்கம்.

"என்ன, பொலிஸ் வேலையும் துவங்கியாச்சோ?"

இராயப்பு வாசலில் நின்றார். மன்னார்க்காரர். விடியப்புறம் துறைமுகத்தில் பெட்டி ஏற்றிவிட்டு வந்திருந்தார். கையில் சியாகுல்லி மந்தரீன் தோடம்பழப் பை.

"இராயப்பண்ணை, இதைக் கழுவினது ஆர்?"

"எனக்கென்ன தெரியும்?"

"கடைசியாப் பூட்டினது?"

"நான். நீ என்ன, என்னையோ சந்தேகப்படுறாய்?"

"யசிந்தன் போறது உங்களுக்கு விருப்பமில்லை."

"இல்லை!" அவர் பையை மர வாங்கில் போட்டார். பழங்கள் உருண்டன. "அவனைப் பதினாலு வயசிலை பிடிச்சு வளர்த்தவன் நான். நீ அவனைக் கணக்கிலை கழிக்கிறாய். உனக்கு ஆக்கள் இல்லை, எல்லாம் இலக்கம். ஆனா கேள். உன்னை நிப்பாட்டவேணுமெண்டால் உன்ரை கப்பிலைதான் போட்டிருப்பன். என்ரை பெடியன்ரை கப்பிலை இல்லை."

ஜெனனி அந்தப் பதிலை நம்பினாள்.

"பூட்டுறதுக்கு முன்னம் இஞ்சை ஆர் ஆர் நிண்டது?"

"பெடியள் எல்லாரும். றெபேக்கா அவனைக் கூட்டிப்போக வந்தது. நிரோசினி. நீயும் நிண்டனீ, மறந்துபோனியோ?"

குவளைகள் திறந்த தட்டில் இருந்தன. யாரும் தூளைப் போட்டிருக்கலாம். யாரும் கழுவியிருக்கலாம்.

மத்தியானம் 12.30. யசிந்தனுக்கு வயிற்றுப்போக்கு நின்றிருந்தது. ஓட்டம் இன்னும் முடியாது. ஜெனனி கட்டில் விளிம்பில் இருந்தாள். றெபேக்கா குசினியில் சட்டிகளைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீரே குடிச்சீரோ?"

"என்னத்தை?"

"பேதி மருந்தை. போகாமல் இருக்க."

யசிந்தன் குசினிப் பக்கம் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அக்கா, எனக்கு நாப்போலி போக விருப்பம். கஜானண்ணை அங்கை நல்ல வேலையும் பாத்து வைச்சிருக்கிறார். மொண்டெல்லோக் கடற்கரையிலை கோடைக்கு மட்டும் தட்டுத் தூக்கி எவ்வளவு காலம் இருக்கிறது? றெபேக்காவுக்குச் சொல்லாதையுங்கோ. கொண்டுபோடுவாள்."

"அவள் செய்திருப்பாளோ?"

"அவளுக்குக் கோவம் வந்தா முகத்துக்கு நேரை சட்டியாலை எறிவாள். தூள் அரிச்சுப் போட அவளுக்குப் பொறுமை கிடையாது."

குசினியிலிருந்து குரல் வந்தது. "என்ன, விலை பேசி முடிஞ்சுதோ?"

மாலை 4.20. ஜெனனி துறைமுகத்தில் கப்பல் பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை செய்பவள். அன்று காலை விடுப்பு எடுத்து, பின்னேர வேலையை அப்போதுதான் முடித்திருந்தாள். ஜெனோவாக் கப்பலுக்கு வரிசை நின்றது. அவள் வெளியே கல்லில் இருந்தாள். யசிந்தன் நிற்கவேண்டும் என்று விரும்பாத ஆள் ஊரில் இல்லை. அதுதான் சிக்கல். எல்லாருக்கும் காரணம் இருந்தது, ஒருவரிலும் பொருந்தவில்லை.

கைபேசி அதிர்ந்தது. பொலோஞ்ஞா மேலாளர் குரல் பதிவு அனுப்பியிருந்தார்.

"தங்கச்சி, பிரசாந் பெட்டி கட்டிப்போட்டு நிக்கிறான். வலு சந்தோசம். ஒரேயொரு விருப்பமாம். வைத்தியம் பாக்கிற ஆளின்ரை வீட்டுக்குக் கிட்ட அறை வேணுமாம். முழங்காலுக்கு வசதியெண்டு."

ஜெனனி அதை இரண்டாம் தடவை கேட்டாள்.

பொலோஞ்ஞாவில் நல்ல வேலையில் இருப்பவன். கடைசி இடத்து அணிக்கு, நாட்டின் மறு அந்தத்துக்குப் போகச் சொன்னபோது ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புக்கொண்டான். அப்போது அவளுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. வைத்தியம் பார்ப்பவர் ஒருவர் அணியில் இருப்பதை அவள் பொலோஞ்ஞாவில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவள் எழுந்தாள். காலையிலிருந்து பிழையான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாலை 5.25. உடற்பயிற்சிக்கூடத்தின் பின் அறை. நிரோசினி துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள். இராயப்பு சுவரோடு சாய்ந்து நின்றார். ஜெனனி வரச்சொல்லியிருந்தாள். எதற்கென்று சொல்லவில்லை.

"நிரோசினியக்கா, காலமை கொண்டுவந்த தயிர் எப்ப உறைய வைச்சது?"

துவாய் பாதி மடிப்பில் நின்றது.

"றெபேக்கா கூப்பிட்டாப் பிறகுதானே நீங்கள் வந்தனீங்கள். தயிர் கடைத் தயிர் இல்லை. சட்டியோடை உறைஞ்சது, ஆடை கிழியேல்லை. இந்தக் குளிருக்குப் பால் உறைய ஒரு இரவு வேணும். நீங்கள் பாலே வாங்காத ஆள். தனி ஆள். ஆருக்கெண்டு உறைய வைச்சனீங்கள்?"

நிரோசினி மடித்த துவாயைத் திரும்பவும் விரித்தாள்.

"எங்கடை அம்மா பலேர்மோ வந்தாப் பிறகும் லீவு நாளிலை எங்களுக்குப் பேதிக்குத் தாறவ. முதல் நாள் இரவு பேதி இலைத்தூளை அரிப்பா. அதே கையோடை பாலுக்கு உறை போடுவா. விடிய மோர் குடுத்து நிப்பாட்ட. எங்கடை ஆக்களுக்கு ரெண்டும் ஒரே வேலை. மோர் இல்லாமல் பேதிக்குக் குடுக்க உங்களுக்கு மனம் வரேல்லை."

"கடவுளே," என்றார் இராயப்பு. "இவளோ? இதென்ன விசர்க்கதை? பெடியன் போனால் என்ன, நிண்டால் என்ன, இவளுக்கு என்ன வந்தது?"

"ஒண்டுமில்லை. அதிலைதான் நானும் பிழை விட்டனான். யசிந்தன் நிக்கவேணுமெண்டு விரும்பினது ஆர் எண்டு தேடினன். அவன் போனால்தான் இடம் காலியாகும். அந்த இடத்துக்கு ஒருத்தன் வரக்கூடாதெண்டு விரும்பினது ஆர்? அவனைப் பற்றித் தெரிஞ்சது மூண்டு பேர். நான், நீங்கள், படத்திலை பேர் பாத்த அக்கா."

நிரோசினி துவாயைக் கீழே வைத்தாள். "ஓம். நான்தான் போட்டனான். கப்பைக் கழுவினதும் நான்தான்." குரல் தட்டையாக இருந்தது. "யசிந்தனுக்கும் போக விருப்பமில்லை எண்டு நினைச்சன்."

"அவனுக்குப் போக விருப்பம்."

நிரோசினியின் முகம் முதல் தடவையாகக் கலங்கியது.

"யசிந்தன், மிதுசன், ரெண்டு பெடியளையும் கெடுத்தாய்!" இராயப்பு மேசையில் அடித்தார். "தூ! அந்த முழங்கால்காரன் உனக்கு என்ன செய்தவன்? சொல்லு!"

நிரோசினி வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஜெனனி அதைப் பார்த்தாள். பொலோஞ்ஞாவுக்கு அணி ஆடப்போன இரண்டு தடவையும் இவளுக்குக் காய்ச்சல். சைக்கிள் ஓட்டி இவளை ஒருவரும் கண்டதில்லை. அன்று ஜெனனி முழங்கால் படத்தைத்தான் காட்டினாள். 'இந்த ஆளை' என்றுதான் பதில் வந்தது.

5.49. கைபேசி அடித்தது. ஜெனனி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, பதினொரு நிமிசம் கிடக்கு," என்றார் இராஜதுரை. "கஜானனும் பொலோஞ்ஞாக்காரரும் லைனிலை நிக்கினம். பேர்?"

ஜெனனிக்கு மிதுசனின் ஆறடி ஏழங்குலம் நினைவில் வந்தது. ஐந்து ஆட்டம் நினைவில் வந்தது. மூன்று வருடமாக மீன் தண்ணீரைத் துடைத்துத் துடைத்துக் கட்டிய அணி. ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

"பேர் இல்லை," என்றாள். "பிரசாந்தை நாங்கள் எடுக்கேல்லை. ஒப்பந்தத்தைப் பலேர்மோ கைவிடுது."

"உனக்கு விசரே?" இராயப்பு பாய்ந்து வந்தார். "ஆளை உன்ரை வாயாலை பிடிச்சுப்போட்டு இப்ப விடுறாய்? அடுத்த வருசம் எங்களுக்கு அணியே இல்லையடி!"

"தெரியும்."

"பிறகென்ன?"

"அவன் இஞ்சை வரேலாது, அண்ணை."

"ஏன் வரேலாது? ஆர் அவன்?"

அதைச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்று ஜெனனிக்குப் பட்டது.

"பொலோஞ்ஞாவுக்குக் காரணம் வேணும்," என்றது கைபேசி. "காரணமில்லாமல் விட்டால் தண்டம். கேக்குதோ? காரணத்தைச் சொல்லும்."

நிரோசினி மேசைக்குக் கிட்ட வந்தாள். திரும்பாத கையைக் கைபேசிக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் வைத்தாள். மூன்று வருடமாகப் பலேர்மோவில் ஒருவருக்கும் சொல்லாததை, பொலோஞ்ஞாவுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பிரசாந் என்ரை புருசன். இந்தக் கையைக் கதவுக்குள்ளை வைச்சு முறிச்சவன் அவன்."